திருமலை வீதிக் கடதாசிக் கடையும் அங்குள்ள தராசும்

என்னிடம் கணிதம் படிக்கும் சாதாரண தரப் பையன் ஒருவன், வட்டத்துக்கு இல்லாத தொடுகோட்டை வைத்து ஒரு நிறுவலை எழுதிக்கொண்டு வந்தான். திட்ட வாயெடுத்தவள் வினாத்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பின்பக்கத்து முக்கோணத்தின் ஒரு பக்கம் தாளின் ஊடாகத் தெரிந்து, முன்பக்கத்து வட்டத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. பையனுக்கு முழுப் புள்ளியும் போட்டேன். உறையில் 80 கிராம் என்று அச்சடித்திருந்த அந்தக் கடதாசியை, கட்டுக்கு நூற்றைம்பது ரூபா குறைவு என்று வேறொரு கடையில் வாங்கியது நான்தான்.

அதன் பிறகுதான் மட்டக்களப்பு திருமலை வீதியில் இருக்கும் இந்தச் சிறிய கடைக்கு மாறினேன். நடத்துபவர் காத்தான்குடிக்காரர், எல்லோருக்கும் நானா. என் கதையைக் கேட்டதும், "ரீச்சர், அந்தக் கட்டில் பிரிக்காதது ஏதாவது மிச்சம் இருக்கிறதா? நாளைக்குக் கொண்டு வாருங்கள்" என்றார். கொண்டு போனேன். மேசையில் இருந்த தராசில் வைத்தார். உறையோடு சேர்த்து 2.2 கிலோ. ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீற்றர். 80 கிராம் கடதாசி என்றால் அந்தப் பதினாறின் நிறை 80 கிராம். கட்டில் உள்ள ஐந்நூறு தாளுக்கு இரண்டரைக் கிலோ வரவேண்டும். என் கட்டு 70 கிராம் கடதாசி. இருபது வருடமாகக் கணிதம் படிப்பிக்கிற எனக்கு இந்தக் கணக்கு தோன்றவில்லை, ஒரு கடைக்காரர் போட்டுக் காட்டவேண்டியிருந்தது.

இப்போது அங்கு வாங்குவது இந்தோனேசியாவிலிருந்து வரும் பேப்பர்வன், 80 கிராம். ஏழு மாதமாக இருபக்கமும் அச்சடிக்கிறேன். பின்பக்கத்துக் கோடு முன்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. மாரி மழையில் பிரதி இயந்திரத்தில் தாள் சிக்குவதும் குறைந்துவிட்டது. இதற்குக் கடதாசி மட்டும் காரணமல்ல. நானா கட்டுகளை நிலத்தில் வைக்காமல் பலகைத் தட்டில் அடுக்குகிறார், சுவரிலும் முட்டவிடுவதில்லை. ஈரம் குடித்த தாள் சுருண்டுவிடும்.

விலையைப் பற்றிக் கேட்டால் நானா பிரேசிலில் தொடங்குவார். அவசரமாக இருந்தால் கேட்காதீர்கள். ஆனால் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கடதாசி செய்யும் மரக்கூழை உலகத்தில் அதிகம் ஏற்றுமதி செய்வது பிரேசில், அதிகம் வாங்குவது சீனா. பிரேசிலில் யூகலிப்டஸ் நட்டு ஏழு வருடத்தில் வெட்டிவிடுகிறார்கள். அதன் நார் குட்டை. பைன் மரத்தைப் போல இழுவைக்குத் தாங்காது, ஆனால் தாளை வழவழப்பாகவும் மறுபக்கம் தெரியாமலும் ஆக்கும். 2021 தொடக்கத்திலிருந்து சீனா கழிவுக் கடதாசி இறக்குமதியை நிறுத்திவிட்டதால் புதிய கூழின் தேவை இன்னும் கூடியது. 2024 ஜூலையில் பிரேசிலின் சுசானோ நிறுவனம் ரிபாஸ் டோ ரியோ பார்டோவில் ஓர் ஆலையைத் திறந்தது. அது ஒன்றே வருடத்துக்கு இருபத்தைந்து இலட்சம் டன்னுக்கு மேல் கூழ் தரக்கூடியது. சீனாவும் சும்மா இருக்கவில்லை, தன் நாட்டிலேயே கூழ் ஆலைகளைப் பெருக்குகிறது. ஆகவே விலை பிடிக்காவிட்டால் கொஞ்சக் காலம் வாங்காமல் இருக்க சீனாவால் முடிகிறது. பெரும்போக அறுவடை முடிந்ததும் நெல் ஆலைக்காரர் "இப்போது வேண்டாம்" என்று கையை விரித்தால் நம் வேளாண்மைக்காரருக்கு என்ன நடக்குமோ, அதுதான் பிரேசில்காரருக்கும். 2022இல் டன்னுக்கு 800 டொலரைத் தாண்டி நின்ற யூகலிப்டஸ் கூழ், 2023 நடுப்பகுதியில் 500 டொலர் அளவுக்கு இறங்கியது. இந்தோனேசியா ஏற்றுமதி செய்யும் கூழும் பெரும்பாலும் சீனாவுக்கே போகிறது. ஆகவே அந்தப் பேரத்தின் முடிவு சுற்றி வந்து நானாவின் தட்டில் ஏறிவிடுகிறது.

2022இல் நமக்கு டொலரும் இல்லை. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். நான் வினாக்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.

என் அப்பா வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை செய்தவர். நம் வயல் வைக்கோலை அவித்துக் கூழாக்கிய ஆலை அது. எந்தத் தாளைக் கண்டாலும் முதலில் கிழித்துப் பார்ப்பார்: நேராகக் கிழிந்தால் நார் ஓடும் திசை, பல்லுப் பல்லாகக் கிழிந்தால் குறுக்குத் திசை. நானாவின் தாளைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் கிழித்தார், விரலால் தடவினார், "நல்ல தாள்தான், வைக்கோல் வாசம் இல்லை" என்றார். அது பாராட்டா குறையா என்று எனக்குத் தெரியவில்லை.

குறைகளையும் சொல்லவேண்டும். கடன் கிடையாது. கட்டுக்கு நூற்றைம்பது ரூபா கூடத்தான். ஆனால் பத்துக் கட்டு எடுத்தால் கொஞ்சம் குறைப்பார், அதற்கும் நாமே வாய்திறந்து கேட்கவேண்டும். மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் இல்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில் போனால் கடை பூட்டியிருக்கும். பேனை மட்டும் அங்கே வாங்காதீர்கள். நான் வாங்கிய பன்னிரண்டில் ஐந்து, மூடியைத் திறக்கும்போதே காய்ந்திருந்தன. தராசில் பேனையை நிறுத்துப் பார்க்க முடியாது என்று நானாவே சிரித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். மாற்றிக் கொடுத்ததிலும் ஒன்று எழுதவில்லை.