தண்ணீர், கழிவுநீர் பாக்கி: குழாயை மூடுவதா, வரி பில்லில் ஏற்றுவதா, வில்லங்கம் போடுவதா?

கலிஃபோர்னியாவில் தண்ணீருக்கு, கழிவுநீருக்கு, தீயணைப்புக்கு என்று தனித்தனியாக இயங்கும் 'சிறப்பு மாவட்டங்கள்' என்ற உள்ளாட்சி அமைப்புகள் ஏராளம். பலவற்றில் பாக்கியைத் துரத்தவென்று தனி ஆள் கிடையாது. இவற்றில் ஒரு வகையான சமூக சேவை மாவட்டங்களுக்கான சட்டப்படி தாமதத்துக்கு 10 சதவீதம் வரை அபராதமும், அதற்கு மேல் மாதம் 1 சதவீதம் வரையும் போடலாம். 100 டாலர் பில் ஒரு வருஷம் கிடந்தால் 123 டாலர் சொச்சம். கணக்கில் ஏற்றுவது சுலபம், கைக்கு வரவேண்டுமே?

குழாயை மூடுவதுதான் வேகமான வழி. ஆனால் 2018-இல் வந்த எஸ்பி 998 சட்டம், தண்ணீர் நிர்வாகங்கள் வீடுகளுக்கு 60 நாள் பாக்கி ஆகும்வரை தண்ணீரை நிறுத்தக் கூடாது என்கிறது. முன்னறிவிப்பும் தர வேண்டும், தவணை போன்ற மாற்று வழியும் வைத்திருக்க வேண்டும். நியாயமான கட்டுப்பாடுதான். தவிர, கழிவுநீர் மாவட்டத்துக்கு இந்த வழி பெரும்பாலும் பேச்சுக்குத்தான். சாக்கடையை அடைத்தால் நாறப்போவது ஊர்தான்.

அங்கேதான் வரி பில் கைகொடுக்கிறது. பாக்கிப் பட்டியலை அறிக்கையாக்கி, அறிவிப்பு கொடுத்து, மாவட்டத்தை நிர்வகிக்கும் வாரியம் பொது விசாரணை நடத்தி, ஆகஸ்ட் வாக்கில் கவுண்டி (சொத்து வரி வசூலிக்கும் வட்டார அரசு) தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால், சொத்து வரியோடு சேர்ந்தே வசூலாகும். முதல் தவணைக்குக் கடைசி நாள் டிசம்பர் 10, இரண்டாவதற்கு ஏப்ரல் 10. அதற்கும் மசியாவிட்டால் கவுண்டியின் அபராதம் சேரும். ஐந்து வருஷம் கட்டாத வீடு ஏலத்துக்கே போகலாம். வீட்டுக் கடன் கொடுத்த வங்கி அதுவரை சும்மா இருக்காது, தானே கட்டிவிட்டு உரிமையாளரைப் பிடிக்கும். குறை என்றால், ஆகஸ்டைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். இடையில் வீடு விற்றுப்போனால் புதிதாக வாங்கியவர் தலையில் கட்ட முடியாமலும் போகலாம். அப்போது அந்தத் தொகை சொத்தோடு ஒட்டாத வேறு பட்டியலுக்குப் போய்விடும், வசூலும் கஷ்டமாகும்.

கவுண்டிப் பதிவாளரிடம் சான்றிதழ் பதிந்து வில்லங்கம் போடுவது நிதானமான ஆட்டம். வீட்டை விற்கவோ மறுகடன் வாங்கவோ போகும்போது வில்லங்கம் பார்ப்பவர் கண்ணில் படும், பணம் வரும். அதுவரை எதுவும் நடக்காது. பத்து வருஷம் நிலைக்கும் என்பதால் காலி மனைக்கும், ஊரில் இல்லாத உரிமையாளருக்கும் இது பொருத்தம். ஆனால் பதிவுக் கட்டணத்தைப் பார்த்தால் 80 டாலர் பாக்கிக்கு இதைச் செய்வது வெட்டி வேலை.

வசூல் ஏஜென்சி வருவதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன வாடகைதாரரின் பாக்கிக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

நான் ஒரு சின்ன கழிவுநீர் மாவட்டத்தின் வாரியத்தில் இருந்தால் வரி பில்லைத்தான் எடுப்பேன். அதற்குமுன் மே மாதமே தவணைக் கடிதம் அனுப்பச் சொல்வேன். தண்ணீர் மாவட்டமானால் 60 நாள் நோட்டீஸே முக்கால்வாசிப் பேரை வரவழைத்துவிடும் என்று நினைக்கிறேன். மீதிக்குத்தான் ஆகஸ்ட் பட்டியல்.