குறிச்சிப் பட்டறையில் டேஷ்போர்டு வைத்து எட்டு மாதம்

எங்கள் பட்டறை கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் கடையும் சிஎன்சி டர்னிங் மெஷின் 9, அதேபோல் ஓடும் மில்லிங் மெஷின் (விஎம்சி) 3, பழைய லேத் 2. பம்ப் ஷாஃப்ட், மோட்டார் எண்ட் கவர், வால்வு பாகம் என்று முழுக்க ஜாப் ஒர்க்தான், அதாவது மற்ற நிறுவனங்களின் ஆர்டருக்குச் செய்து கொடுப்பது. இரண்டு ஷிப்டிலும் சேர்த்து 34 பேர். அப்பா தொடங்கியது, ஆறு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். போன ஐப்பசியில் இரண்டு இளம் இன்ஜினியர்கள் நடத்தும் சின்ன நிறுவனம் ஒன்று எங்களுக்கு உற்பத்தி டேஷ்போர்டு, அதாவது எந்த மெஷின் ஓடுகிறது, எவ்வளவு பீஸ் வந்தது என்று காட்டும் திரை, அமைத்துக் கொடுத்தது. எட்டு மாதம் தினமும் பயன்படுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை.

இது எங்களுக்கு முதல் டேஷ்போர்டு அல்ல. அதற்கு முன்பே மெஷினுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா கட்டி ஒரு மென்பொருள் வாங்கியிருந்தோம். 43 இன்ச் டிவியில் 22 சார்ட் ஓடும். வட்டம், முள் நகரும் மீட்டர், ஏறி இறங்கும் கோடு எல்லாம் இருந்தன, அனைத்தும் ஆங்கிலத்தில். நடுவில் பெரிய எழுத்தில் மொத்தப் பட்டறைக்கும் சேர்த்து ஒரே ஓஇஇ (மெஷின்களின் மொத்தச் செயல்திறன்) எண். ஒருநாள் அது 58 காட்டியது. அப்பா காலத்திலிருந்து எங்களோடு இருக்கும் சூப்பர்வைசர் அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, இந்த 58ஐ வெச்சுட்டு நான் என்னங்க பண்றது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தச் சந்தாவை நிறுத்தியதற்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

ஓஇஇ தப்பான கணக்கு என்று நான் சொல்லவில்லை. மெஷின் ஓடிய நேரம், ஓடிய வேகம், நல்ல பீஸ் ஆகிய மூன்று விகிதங்களைப் பெருக்கினால் வருவது அது. எங்கள் 4ஆம் நம்பர் மெஷினின் ஒரு ஷிப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 480 நிமிடத்தில் சாப்பாடும் டீயும் 50 நிமிடம் போக மிச்சம் 430. செட்டிங்குக்கு (அடுத்த பாகத்துக்கு மெஷினைத் தயார்செய்ய) 60, முதல் பீஸ் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காத்திருந்தது 20, இன்செர்ட் (டூலின் வெட்டும் முனை) மாற்றியது 15, ஆக 95 நிமிடம் நின்றுபோனது. ஓடியது 335 நிமிடம், அது 78 சதவீதம். ஒரு பீஸுக்கு 3.25 நிமிடம் என்றால் 103 பீஸ் வந்திருக்க வேண்டும், வந்தது 92, அது 89 சதவீதம். அதில் 3 ரிஜெக்ட், நல்லது 97 சதவீதம். பெருக்கினால் 67. அந்த 67ஐப் பார்த்து யாரும் எதுவும் செய்ய முடியாது. இன்ஸ்பெக்‌ஷனுக்காக 20 நிமிடம் மெஷின் நின்றது என்று தெரிந்தால் அன்றைக்கே ஒரு காரியம் செய்யலாம். பெருக்கி ஒன்றாக்கும்போது அந்த 20 நிமிடம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

இதில் 85 சதவீதம்தான் உலகத் தரம் என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஜப்பானில் டிபிஎம் என்ற மெஷின் பராமரிப்பு முறையை வளர்த்த செய்ச்சி நாகஜிமா வைத்த அளவு அது: நேரம் 90, வேகம் 95, தரம் 99. ஒரே பாகத்தை மாதக்கணக்கில் ஓட்டும் லைனுக்கு அது சரியான இலக்கு. ஒரே வாரத்தில் ஒரு மெஷினில் ஐந்து ஐட்டம் மாற்றும் ஜாப் ஒர்க் பட்டறையை அந்த எண்ணோடு ஒப்பிட்டுத் தலைகுனியத் தேவையில்லை.

அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று எங்களுக்கே நடந்தது. ஓஇஇ ஏற வேண்டும் என்று நான் தினமும் கேட்கப்போய், பசங்க செட்டிங் மாற்றுவதையே தள்ளிப்போட ஆரம்பித்தார்கள். 350 ஷாஃப்டுக்கு ஆர்டர், ஓட்டியது 600. எண் அழகாக ஏறியது. மிச்சம் 250 ஷாஃப்ட் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி ராக்கில் கிடந்தது, அதில் போட்ட பணமும் கூடவே கிடந்தது. அந்த வாரம் போக வேண்டிய வால்வு பாகம் லேட். தேவைக்கு மேல் உற்பத்தி செய்வதுதான் வீண்களிலேயே மோசமானது என்று டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ சொன்னதைப் பயிற்சி வகுப்பில் கேட்டிருந்தேன். அந்த ராக்கைப் பார்த்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

இப்போது புதிய குழுவைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு பேரும் முதல் நாள் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. மூன்று வெள்ளைப் பலகை, கறுப்பு மார்க்கர், ஒரு ஸ்டாப்வாட்ச், இவ்வளவுதான் கொண்டுவந்தார்கள். மூன்று மெஷினுக்கு முன்னால் பலகையை மாட்டி மணி, திட்டம், ஆனது, காரணம் என்று நான்கு பத்தி போட்டார்கள். மணிக்கு ஒருமுறை ஆபரேட்டரே தன் கையால் எழுத வேண்டும். மூன்று வாரம் இப்படியே போனது. இதற்குத்தான் காசு கொடுக்கிறோமா என்று அப்பா கேட்டார். எனக்கும் பொறுமை போய்விட்டது என்பதுதான் உண்மை.

ஆனால் அந்த மூன்று வாரத்தில் வெளியே வந்த விஷயம் எந்த சாஃப்ட்வேரும் எங்களுக்குச் சொல்லாதது. பழைய மென்பொருளில் அந்த ஷாஃப்டுக்கு மணிக்கு 22 பீஸ் என்று இலக்கு போட்டிருந்தோம். மெஷின் திரையில் தெரியும் சைக்கிள் டைம் 160 வினாடி, அதை வைத்து நான்தான் போட்டது. பீஸைக் கழற்றி, பீஸைப் பிடிக்கும் சக்கைத் துடைத்து, அடுத்ததை மாட்டி, கதவைச் சாத்த இன்னொரு 35 வினாடி ஆகும். மொத்தம் 195 வினாடி, மணிக்கு 18தான் வரும். ஒன்றரை வருடமாக எட்ட முடியாத இலக்கைப் போட்டு, தினமும் அந்தத் தம்பிகளுக்குச் சிவப்பு காட்டியிருக்கிறேன். எப்போதும் சிவப்பாகவே இருக்கும் திரையை யார் பார்ப்பார்கள்? தப்பு இலக்கில் இருந்திருக்கிறது, நாங்கள் ஆட்களைத் திட்டியிருக்கிறோம். ஸ்டாப்வாட்ச் காட்டியதை நான் அவர்களிடமே சொன்னேன். அதன் பிறகுதான் காரணப் பத்தியில் உண்மையை எழுத ஆரம்பித்தார்கள்.

நான்காவது வாரம்தான் திரை வந்தது. மெஷின் தலையிலிருக்கும் மூவண்ண டவர் லைட்டில் சின்ன சென்சார் ஒன்றை ஒட்டுகிறார்கள். பச்சை எரிந்தால் ஓடுகிறது, அணைந்தால் நிற்கிறது. கண்ட்ரோலருக்குள் கைவைக்காததால் 2006இல் வாங்கிய மெஷினுக்கும் புதிய மெஷினுக்கும் ஒரே ஏற்பாடுதான். இதில் ஒரு ஓட்டை உண்டு, வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆபரேட்டர் ஃபீடை (டூல் நகரும் வேகத்தை) 60 சதவீதத்துக்குக் குறைத்து ஓட்டினாலும் லைட் பச்சைதான் காட்டும். அதனால் அந்த மணியில் எத்தனை பீஸ் வந்தது என்ற எண்ணிக்கை கூடவே இருந்தால்தான் மெதுவாக ஓடியது தெரியும்.

நின்றால் ஏன் நின்றது என்று சென்சாருக்குத் தெரியாது. அதற்கு மெஷின் பக்கத்தில் பட்டன் பெட்டி. முதலில் 24 காரணம் கொண்ட டேப்லெட் கொடுத்தார்கள். கூலன்ட் கையோடு அதில் தேட யாருக்கும் நேரமில்லை, எல்லாம் "மற்றவை" என்றே பதிவானது. இரண்டே வாரத்தில் அதை எடுத்துவிட்டு ஏழு பெரிய பட்டன் வைத்தார்கள்: செட்டிங், இன்ஸ்பெக்‌ஷன், மெட்டீரியல் இல்லை, டூல், ரிப்பேர், கரண்ட் இல்லை, மற்றவை. பட்டனில் படமும், தமிழிலும் இந்தியிலும் பெயரும் இருக்கின்றன. எங்களிடம் பீகார், ஒடிசா தம்பிகள் 11 பேர் இருக்கிறார்கள், ஆங்கிலத் திரை அவர்களுக்கும் உதவவில்லை, எங்கள் ஊர்க்காரர்களுக்கும் உதவவில்லை.

திரையில் இப்போது இருப்பது கொஞ்சம்தான். மெஷினுக்கு ஒரு கட்டம். அதில் இந்த மணிக்குத் திட்டம் எவ்வளவு, ஆனது எவ்வளவு, நின்றிருந்தால் எத்தனை நிமிடமாக எதற்காக நிற்கிறது. கீழே ஒரே வரியில் அடுத்த ஜாப் என்ன, அதற்குக் காஸ்டிங் (வார்ப்பு), டூல், டிராயிங், கேஜ் (அளவுக் கருவி) நான்கும் தயாரா என்று நான்கு புள்ளி. வலது ஓரத்தில் இந்த வாரம் அனுப்ப வேண்டிய ஆர்டர்கள் தேதி வரிசையில். ஓஇஇ திரையில் இல்லை. அது மாதத்துக்கு ஒருமுறை, மெஷின்வாரியாக, மூன்றாகப் பிரித்து எனக்கு மட்டும் வருகிறது. ஆபரேட்டர் பெயர் எங்குமே இல்லை. பழைய மென்பொருளில் யார் முதலிடம் என்று பட்டியல் ஓடும். சுலபமான ஜாப்புக்குச் சண்டை வந்ததும், ரிஜெக்ட் பீஸை ஸ்கிராப் தொட்டியில் அடியில் தள்ளியதும் அந்தப் பட்டியலால்தான். பெயர் வேண்டாம் என்று இந்தக் குழுதான் பிடிவாதமாக நின்றது. அதற்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும்.

எனக்கு அதிகம் உதவியது அந்த நான்கு புள்ளிகள். எங்கள் நேரம் மெஷின் ஓடும்போது போகவில்லை, ஒரு ஜாப் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் போயிருக்கிறது. ஜாப் முடிந்த பிறகுதான் துளை அளக்கும் போர் கேஜ் காலிப்ரேஷனுக்கு (அளவு சரிபார்ப்புக்கு) போயிருப்பது தெரியும், டிராயிங் பழைய ரிவிஷன் என்பது தெரியும். இப்போது இரண்டு மணி நேரம் முன்பே புள்ளி காலியாக நிற்கிறது, சூப்பர்வைசர் அண்ணன் ஸ்டோருக்குப் போகிறார். முதல் பீஸ் காத்திருப்பு சராசரியாக 25 நிமிடத்திலிருந்து 9 நிமிடத்துக்கு வந்தது. அதற்குச் செய்தது இரண்டே வேலை: பீஸை அளந்து பார்க்கும் சர்ஃபேஸ் பிளேட்டையும் ஹைட் கேஜையும் இன்ஸ்பெக்‌ஷன் அறையிலிருந்து மெஷின் வரிசைக்கு நடுவில் கொண்டுவந்தோம், காலை ஷிப்டில் இன்ஸ்பெக்டர் டீ நேரத்தை மாற்றினோம். மாதம் ஐந்தாறு ஆர்டர் லேட்டாகப் போனது இப்போது ஒன்று, இரண்டு.

திரையை எங்கே வைப்பது என்பதிலும் வாக்குவாதம் நடந்தது. வரும் கஸ்டமர் பார்க்கட்டும் என்று ரிசப்ஷனில் வைக்க அப்பா ஆசைப்பட்டார். அவர்கள் டூல் ரூம் வாசலுக்கு மேலே வைத்தார்கள், எல்லோரும் நாளைக்குப் பத்து தடவை கடக்கும் இடம். எழுத்து ஆறு மீட்டர் தூரத்திலிருந்து படிக்க வருகிறது. ஓட்டிப் பார்த்த முதல் நாளே ஒரு தம்பி சிவப்புக் கட்டத்தைப் பச்சை என்று வாசித்தார். அவருக்கு அந்த இரண்டு நிறமும் பிரிந்து தெரியாது என்பது நான்கு வருடமாக எங்களில் யாருக்கும் தெரியாது. மறுநாளே நின்ற மெஷினின் கட்டத்தில் தடித்த பெருக்கல் குறி வந்துவிட்டது.

காலை 8.15க்கு திரைக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றுகொண்டே பேசுகிறோம். ஒரு மெஷின் 10 நிமிடம் நின்றால் சூப்பர்வைசர் போவார், 30 நிமிடம் தாண்டினால் நான் போவேன். இந்த விதியை எழுதி ஒட்டாமல் திரையை மட்டும் வாங்கி மாட்டினால் காசு வீண் என்று நிச்சயமாகச் சொல்வேன். வெள்ளைப் பலகைகளை நாங்கள் இன்னும் எடுக்கவில்லை. 7ஆம் நம்பரில் சக்கின் ஜா (பீஸைக் கவ்வும் பாகம்) தேய்ந்திருப்பதை சென்சார் சொல்லவில்லை. "சக் பிடி சரியில்லை" என்று ஒரு தம்பி மூன்று நாள் தொடர்ந்து பலகையில் எழுதினார், அதைப் பார்த்துத்தான் மாற்றினோம்.

சரி, குறைகள். கரண்ட் போய் வந்தால் கணக்கெடுக்கும் சின்னக் கம்ப்யூட்டர் தானாக எழுந்திருக்கவில்லை. இரண்டு ஷிப்டின் கணக்கு அப்படியே போனது. சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்தாலே தீரும் பிரச்சினைக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்கள், எனக்குக் கோபம் வந்தது. எங்கள் இரண்டாம் ஷிப்ட் நள்ளிரவு வரை ஓடும், அவர்களோ மாலை ஏழுக்கு மேல் போன் எடுப்பதில்லை. தொழிற்சாலைக்கு வேலை செய்பவர்கள் இதை மாற்றியே ஆக வேண்டும். மாத ரிப்போர்ட்டில் வரும் ஐட்டம் நம்பர் எங்கள் டேலி கணக்கு மென்பொருளில் இருப்பதோடு ஒத்துப்போகாததால் அக்கவுண்ட்ஸ் பெண் இன்னும் கையால் மாற்றித் தட்டுகிறார். மொபைலில் திறந்தால் மெதுவாக வருகிறது. இரண்டு பழைய லேத்துக்கும் டவர் லைட்டே கிடையாது, அவை இன்றும் பலகையில் மட்டும்தான்.

செலவு: 12 மெஷினுக்கு சென்சார், பட்டன் பெட்டி, திரை, ஆறு வார வேலை எல்லாம் சேர்த்து 2,10,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அடுத்த வருடத்திலிருந்து பராமரிப்புக்கு 36,000. பழைய சந்தாவோடு பார்த்தால் இரண்டாம் வருடமே இது மலிவு. மத்திய அரசின் எம்எஸ்எம்இ லீன் திட்டம் 2023 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டது, அதில் லீன் (வீணைக் குறைக்கும் உற்பத்தி முறை) ஆலோசனைக் கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசு ஏற்கும் என்று அப்போது அறிவித்தார்கள். நான் அதை விசாரிக்காமல் கைக்காசில் செய்தேன். உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருப்பவர்கள் முதலில் அங்கே கேளுங்கள்.

ஐந்து மெஷினுக்குள் இருக்கும் பட்டறைக்கு இந்தச் சேவை வேண்டாம். பலகையும் மார்க்கரும் ஸ்டாப்வாட்சும் போதும், அதையும் இரண்டு மாதம் விடாமல் எழுதிப் பாருங்கள். பத்துக்கு மேல் மெஷின், இரண்டு ஷிப்ட், அடிக்கடி ஐட்டம் மாற்றம் என்றிருப்பவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். நான் அடுத்த வருடத்துக்கும் புதுப்பிக்கிறேன், இரவு பத்து வரை ஒருவர் போன் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆடி முடிவதற்குள் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.