மாடி டேங்கிலிருந்து மோட்டார் வரை 30 மீட்டர்: 5 வோல்ட்டா 12 வோல்ட்டா, ஐ2சியா ஆர்எஸ்-485ஆ?

மூன்று மாடி வீட்டில் மொட்டை மாடி டேங்கிலிருந்து கீழே மோட்டார் பெட்டி வரை கேபிள் இழுத்தால் 30 மீட்டர் ஆகிவிடும். மேலே தண்ணீர் மட்டத்தைப் பார்க்க ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கன்ட்ரோலர் போர்டு), நடுவில் கேட்-5இ கேபிள் (நான்கு முறுக்கு ஜோடி உள்ள நெட்வொர்க் கேபிள்) என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் மின்சாரம். இந்தக் கேபிளின் ஒரு கம்பி 30 மீட்டருக்கு ஏறத்தாழ 2.5 ஓம். போக வர 5 ஓம். வைஃபை சிக்னல் அனுப்பும் கணத்தில் போர்டு 300 மில்லிஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 1.5 வோல்ட் போய்விடும். கீழே கொடுத்த 5 வோல்ட் மேலே 3.5. அதிலும் போர்டிலுள்ள ஏஎம்எஸ்1117 (5 வோல்ட்டை 3.3 ஆக்கும் ரெகுலேட்டர்) ஒரு வோல்ட் எடுத்துக்கொண்டால் சிப்புக்கு 2.5தான் மிஞ்சும், போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். இந்த இறக்கம் கண நேரமே என்பதால் மல்டிமீட்டரில் தெரியாது. அதனால்தான் பலர் புரோகிராம் கோடில் தப்பு தேடி நாள் கணக்கில் அலைகிறார்கள்.

12 வோல்ட் அனுப்பி, மேலே எல்எம்2596 பக் மாட்யூல் (வோல்ட்டைக் குறைத்துத் தரும் சர்க்யூட்) வைத்தால் அதே வேலைக்கு 150 மில்லிஆம்பியர் போதும். இழப்பு 0.75 வோல்ட், பக் அதைப் பொருட்படுத்தாது. நீல ஜோடி இரண்டையும் பிளஸ்ஸுக்கும், பழுப்பு ஜோடி இரண்டையும் மைனஸுக்கும் சேர்த்து முறுக்கினால் இழப்பு பாதியாகும். போர்டை இணைக்கும் முன்பே பக்கின் திருகைத் திருப்பி 5.0 வோல்ட்டுக்கு வையுங்கள். கடையிலிருந்து வரும்போது அது எந்த வோல்ட்டில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் கேபிள் சிலது செம்பு பூசிய அலுமினியம். சோதிக்க, 30 மீட்டரின் மறுமுனையில் 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் போட்டு ஒற்றைக் கம்பி வழியே 12 வோல்ட் கொடுங்கள். முனையில் 10.8 வந்தால் செம்பு. 10.3 பக்கம் நின்றால் வேண்டாம்.

இனி தகவல். ஐ2சி என்பது பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் சிப்புகள் பேசிக்கொள்ளும் வழி. அந்த பஸ் தாங்கும் கெப்பாசிட்டன்ஸ் வரம்பு 400 பிக்கோஃபாரட். இந்தக் கேபிள் மீட்டருக்கு 50 தின்னும். 8 மீட்டரிலேயே தீர்ந்துவிடும். ஐ2சி பெட்டிக்குள் இருக்கட்டும்.

ஆர்எஸ்-485, அதாவது இரண்டு கம்பிக்கு இடையிலான வோல்ட் வித்தியாசத்தில் தகவல் அனுப்பும் முறை, இந்தத் தூரத்தைச் சாதாரணமாகக் கடக்கும். அதன் ஏ, பி கம்பிகள் இரண்டும் ஒரே முறுக்கு ஜோடியில், ஆரஞ்சில், போக வேண்டும். வேறு வேறு ஜோடியில் பிரித்தால் இரைச்சலை ஒழிக்கும் குணமே போய்விடும். இரு முனைகளில் மட்டும் ஏ-க்கும் பி-க்கும் இடையே 120 ஓம் ரெசிஸ்டர். இதற்கான மேக்ஸ்485 சிப்பின் வெளியீடு 5 வோல்ட், ஈஎஸ்பி32 பின்னுக்கு அது கூடாது, 3.3 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ்3485 வாங்குங்கள். ஐப்பசி இடிமழைக்கு இரு முனையிலும் எஸ்எம்712 பாதுகாப்பு டயோடு வையுங்கள். நேரடி இடியை அது தாங்காது, பக்கத்தில் விழுந்த இடியின் தூண்டலைத் தாங்கும்.

தண்ணீர் மட்டம் ஒன்றுதான் வேண்டுமென்றால் இரண்டையும் விட மட்டத்துக்கேற்ப 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டம் தரும் சென்சாரே மேல். விலை கூடுதல், ஆனால் இரண்டே கம்பி, 24 வோல்ட், கேபிள் எதிர்ப்பு கணக்கிலேயே வராது. கீழே 120 ஓம், 1 சதவீத ரெசிஸ்டர் போட்டால் 0.48 முதல் 2.4 வோல்ட் கிடைக்கும். காலி டேங்க் 4 மில்லிஆம்பியர், அறுந்த கம்பி சுழி. இரண்டும் தனித்தனியாகத் தெரியும். சுழி வந்தால் மோட்டார் ஓடாதபடி கோடில் எழுதிவிடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும், மோட்டாரின் 230 வோல்ட் கம்பி போகும் பைப்பில் இந்தக் கேபிளை விடாதீர்கள்.