மதுரையில் சொந்தக் காரா, வாடகைக் காரா?

பிள்ளைகள் வளர்ந்து, ஒரே டூவீலரில் நான்கு பேர் ஏற முடியாமல் போகும்போதுதான் மதுரைக் குடும்பங்களில் கார் பேச்சு எழும். சட்டப்படி பார்த்தால் டூவீலரில் ஓட்டுபவரோடு சேர்த்து இரண்டு பேருக்குத்தான் இடம். பின்னால் மனைவி, நடுவில் ஒன்று, டேங்க் மேல் ஒன்று என்று தல்லாகுளம் சிக்னலில் நிற்கிற குடும்பத்தைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. அதனால் கார் வேண்டும் என்று யாராவது சொன்னால் அதை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஷோரூமுக்குப் போவதற்கு முன், அந்த வண்டி எங்கே ஓடப்போகிறது என்று பார்த்துவிட வேண்டும். மதுரைக்குள் ஒரு கணக்கு, ஊரைத் தாண்டினால் வேறு கணக்கு.

முதலில் ஊருக்குள். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காக அமைந்த ஊர் இது. மனிதர் நடக்கவும் தேர் ஓடவும் போட்ட தெருக்கள். சித்திரை வீதிகளில் வண்டிக்கு அனுமதியே இல்லை. தீபாவளி நெருக்கத்தில் விளக்குத்தூண் பக்கம் காரில் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் தள்ளுவண்டி, மறுபக்கம் மூட்டை இறக்கும் மினி லாரி, நடுவில் எதிரே வரும் ஆட்டோ. இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கிக்கொண்டு முதல் கியரில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தாலும் நிறுத்த இடம் கிடையாது. வடக்கு ஆவணி மூல வீதியில் பல அடுக்கு பார்க்கிங் கட்டியிருக்கிறார்கள், உண்மையிலேயே உதவிதான். ஆனால் அங்கே விட்டுவிட்டு எப்படியும் நடக்கத்தான் வேண்டும். அந்த நடையை ஆட்டோவில் வந்து இறங்கியும் நடக்கலாமே.

வீட்டு வாசலும் இதில் சேரும். ஜெய்ஹிந்துபுரம், வில்லாபுரம், செல்லூர் பக்கம் பல சந்துகளில் போர்டிகோ என்ற பேச்சுக்கே இடமில்லை. தெருவில் நிறுத்தினால் தண்ணி லாரி வரும்போதெல்லாம் வண்டியை எடுக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். எதிர்வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் தொடங்குவதே இதில்தான். கே.கே.நகர், திருநகர், அய்யர் பங்களா பக்கம் தனி வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஊருக்குள் போய்வர டூவீலர், ஷேர் ஆட்டோ, டவுன் பஸ் மூன்றும் போதும் என்பதே என் எண்ணம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை மெட்ரோ வரும் என்கிறார்கள். வந்தால் மகிழ்ச்சி. அதை நம்பி இன்றைக்கு முடிவெடுக்க முடியாது.

சரி, பணத்துக்கு வருவோம். ஷோரூம் விலை 7 லட்சம் உள்ள ஒரு சின்ன பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். அதுவே 91,000 ரூபாய் ஆகிறது. 6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 12,450. மொத்த வட்டி ஒன்றரை லட்சத்தை ஒட்டி வரும். பெரும்பாலானோர் இந்தத் தவணையோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள், மதிப்பு இறங்குவதைச் சேர்ப்பதில்லை. இன்சூரன்ஸில் வண்டிக்கு மதிப்புப் போடும் அட்டவணைப்படி ஐந்தாவது வருடத்தில் பாதி போய்விடும். அதாவது 3.5 லட்சம். இன்சூரன்ஸுக்கு 5 வருடத்துக்கு ஒரு லட்சம், சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாம் சேர்த்து முக்கால் லட்சம் என்று நான் தோராயமாகப் போடுகிறேன். வரி, வட்டி, இறங்கிய மதிப்பு, இன்சூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் கூட்டினால் 7.6 லட்சம் வருகிறது. 60 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 12,700. இது வண்டி அசையாமல் வாசலில் நின்றாலும் போகிற பணம். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டினால், டவுனுக்குள் லிட்டருக்கு 15 கிடைத்தாலே பெரிது, பெட்ரோலுக்கு இன்னும் 3,300 ரூபாய்க்கு மேல். ஆக மாதம் 16,000.

அந்த 16,000 ரூபாயை வாடகைக்குச் செலவழித்தால் என்ன கிடைக்கும்? ஊருக்குள் ஒரு கால் டாக்ஸி சவாரிக்கு 250 ரூபாய் வைத்தாலும், மாதம் இருபது சவாரிக்கு 5,000தான். கொடைக்கானலுக்கு ஒருநாள் காரோ, ராமேஸ்வரத்துக்கு ஒருநாள் காரோ மஞ்சள் போர்டு வண்டி பிடித்தால், டிரைவர் பேட்டா சேர்த்து ஐயாயிரத்தைச் சுற்றி முடிந்துவிடும். அப்புறமும் கையில் மீதி நிற்கிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளை ஒடித்துத் திருப்புகிற வேலையும் நமக்கு இல்லை. 2024 மே மாதத்திலிருந்து அங்கே போக இ-பாஸ் வேண்டும் என்பதால், வண்டி எண்ணை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம்: தெரிந்தவர் வைத்திருக்கும் வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுப்பது. கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு ரூபாய் குறைவாகக் கேட்பார்கள். தனியார் கார் பாலிசி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. விபத்து நடந்தால் எல்லோரும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

வாடகைக் கார் தோற்கும் இடங்களும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. மகா சிவராத்திரிக்குப் பாதி மதுரை குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பிவிடும். உசிலம்பட்டிக்கு உள்ளே, பேரையூர்ப் பக்கம், கம்மாய்க்கரை ஓரமாக ஒரு கோயில். பஸ் போனாலும் காலையில் ஒன்று, சாயந்தரம் ஒன்று. அந்த நேரத்தில் கார் கேட்டால் “எல்லாம் புக்கிங் ஆயிருச்சுண்ணே” என்பதுதான் பதில். ஆவணி, தை முகூர்த்த நாட்களிலும் இதே கதை. இதற்குப் பங்காளிகள் நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு மாதம் முன்பே வேன் பேசிவிடுவதுதான் வழி. பொங்கல் பானை, கிடா, பாத்திரம் எல்லாம் சொந்தக் காரில் எப்படியும் அடங்காது.

ராத்திரி அவசரத்துக்குக் கார் வேண்டும் என்று என் மச்சான் எப்போதும் சொல்வார். “நடுராத்திரி நெஞ்சு வலிச்சா யார்கிட்ட போய் நிப்பீங்க மாப்ள?” என்பார். நான் அவரோடு இதில் உடன்படுவதே இல்லை. நெஞ்சுவலிக்காரரைப் பின்சீட்டில் சாய்த்துவிட்டு, பதறிப்போன மகன் ஸ்டியரிங்கைப் பிடிப்பது நல்ல யோசனை இல்லை. 108க்குப் போட்டால் ஆக்ஸிஜனோடும் முதலுதவி தெரிந்த ஆளோடும் வண்டி வரும், காசும் இல்லை. கார் உள்ள வீட்டிலும் முதலில் அழைக்க வேண்டிய எண் அதுதான்.

உண்மையிலேயே கார் வேண்டியிருப்பது வேறு இடத்தில். என் மாமியாருக்கு முழங்கால் மடங்காது. ஆட்டோவில் ஏற ஒருவர் கீழிருந்து தாங்க வேண்டும், இன்னொருவர் உள்ளிருந்து கை கொடுக்க வேண்டும். கண்புரை ஆபரேஷன் முடிந்து அண்ணா நகரிலிருந்து திரும்பும்போது, கட்டுப் போட்ட கண்ணோடு புழுதியில் ஆட்டோவில் கூட்டிவர மனசே வரவில்லை. காரில் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, முதலில் பக்கவாட்டில் உட்காரவைத்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பினால் வலி இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறார். எப்போதாவது ஒரு செக்கப் என்றால் இதற்குக் கால் டாக்ஸி போதும். வாரம் மூன்று தடவை டயாலிசிஸ், தினமும் பிசியோதெரபி என்று ஆகிவிட்ட வீட்டில், ஒவ்வொரு தடவையும் புது டிரைவரிடம் “கொஞ்சம் பொறுங்க தம்பி” என்று கெஞ்சிக்கொண்டிருக்க முடியாது. அந்த வீட்டுக்குச் சொந்தக் கார் வேண்டும், கணக்கே பார்க்க வேண்டாம். ஓட்ட ஆள் இல்லையென்றால் ஆக்டிங் டிரைவர் கிடைப்பார்கள். கப்பலூர், வாடிப்பட்டிப் பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போய், நள்ளிரவில் நான்குவழிச் சாலையில் பைக்கில் திரும்புபவருக்கும் இதையேதான் சொல்வேன். லாரிகளுக்கு நடுவே அந்த இருட்டில் வருவதற்கு 16,000 பெரிய பணமில்லை.

அப்படி வாங்குகிறவர்களும் புது வண்டிதான் வேண்டும் என்று நிற்க வேண்டியதில்லை. நான்கைந்து வருடம் ஓடிய சின்ன காரை வாங்கினால் பாதி மதிப்பு ஏற்கனவே முதல் ஓனர் கையில் கரைந்திருக்கும். ஆயுள் வரியும் அவர் கட்டியதுதான். சந்தில் யாராவது கீறிவிட்டுப் போனாலும் மனசு அவ்வளவு அடிக்காது. நல்ல மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய், வண்டி சூடாவதற்கு முன் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்று, முதலில் 15 வருடத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும் என்பதால் பத்து வயது வண்டியில் அதற்கு மிச்சம் ஐந்து வருடம் என்று கணக்கு வையுங்கள். பழைய ஓனரின் கடன் முடிந்து ஆர்சியில் வங்கிப் பெயர் நீங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே முழுப் பணத்தைக் கொடுங்கள். ஆர்சி பெயர் மாறினால் போதாது, இன்சூரன்ஸையும் 14 நாளைக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிட வேண்டும்.