வாக்கியமா, திருக்கணிதமா? ஒரே சனிக்கு இரண்டு பெயர்ச்சி

அப்பா காலமானது ஒரு தேய்பிறை நாளில், உச்சிப்பொழுதை ஒட்டி. மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு வைதீக காரியங்களைச் செய்து வைக்கும் சாஸ்திரிகள் பாம்புப் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு சப்தமி என்றார். அண்ணா கைபேசியைப் பார்த்து அஷ்டமி என்றான். "நம்மாத்துல பரம்பரையா வாக்கியம்தான், மாத்தப்படாது" என்றார் அவர். "நிலா எங்க இருந்ததுங்கறதுக்குப் பரம்பரை எதுக்கு மாமா?" என்றான் அண்ணா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வருஷா வருஷம் எந்த நாளில் அவரை நினைத்துச் சோறு படைப்பது என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அந்த வருத்தம்தான் பழைய வாய்பாடுகளை வைத்துக் கணிக்கும் வாக்கியம், வானத்தோடு சரிபார்த்துக் கணிக்கும் திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கங்களையும் அருகருகே வைத்துப் படிக்கச் செய்தது. அறிவியலும் மதமும் மோதிக்கொள்கின்றன என்று பொதுவாகப் பேசுகிறோம். இங்கே இரண்டுமே மத நூல்கள். இரண்டிலும் ஏகாதசியும் பிரதோஷமும் உண்டு. அப்படியானால் சண்டை எதற்கு?

வாக்கியம்: மனப்பாடத்தில் அடங்கிய வானம்

வாக்கிய முறையை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள் அதன் உள்ளே போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். நிலா பூமிக்கு மிகத் தொலைவில் இருக்கும் புள்ளியிலிருந்து கிளம்பி மறுபடி அதே புள்ளிக்கு வர ஏறக்குறைய 27.55 நாள் ஆகிறது. ஒன்பது சுற்றுக்குக் கிட்டத்தட்ட மிகச் சரியாக 248 நாள். அந்த 248 நாளுக்கும் நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். எழுத்துகளை எண்களாக மாற்றும் கடபயாதி முறையில் கட்டியவை அவை. முதல் வாக்கியம் 'கீர்ந: ச்ரேய:'. அதை எண்ணாக்கித் திருப்பி வாசித்தால் 12 பாகை 3 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை): முதல் நாளில் நிலா நகர்ந்த தூரம். பொருள் தரும் சொல்லாகவும் கணக்காகவும் நிற்கும் இந்த வரிகளை வரருசி செய்தார் என்பது மரபு. இவற்றை வைத்துப் பஞ்சாங்கம் கணிக்கும் வழியைச் சொல்லும் 'வாக்கியகரணம்' சுமார் 1300ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பதிப்பித்து 1962இல் சென்னையில் வெளிவந்தது.

காகிதம்கூட இல்லாமல் இந்தக் கணக்கைப் போட முடிந்தது. 1825இல் ஜான் வாரன் சென்னையில் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி உண்டு. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டு, அந்த ஆண்டு வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் 4 நிமிடம்தான் பிசகு. நடுப்பகுதியில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தொலைநோக்கி இல்லை, எழுத்து இல்லை, சோழிகள் மட்டும். இதைப் படித்த அன்று எனக்கு மெய்சிலிர்த்தது.

திருக்கணிதம்: நுங்கம்பாக்கத்திலிருந்து

'த்ருக்' என்றால் பார்வை. கண்ணுக்குத் தெரிவதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் இதன் ஒரே நிபந்தனை. இதன் நவீன வடிவம் வெளியூர்ச் சரக்கு இல்லை. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில் 1792இலிருந்து மெட்ராஸ் வானியல் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே முதல் உதவியாளராக வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ரெட்டிகுலம் விண்மீன் கூட்டத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874 டிசம்பர் 9 அன்று சுக்கிரன் சூரியனைக் கடக்கப்போவதை மக்களுக்கு விளக்க ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் சிறு நூல் எழுதினார். பஞ்சாங்கத்தை வானத்தோடு சரிபார்த்துத் திருத்த வேண்டும் என்று தம் சமூகத்தாரிடமே வாதாடினார். ஆசாரத்தை அவர் விட்டுவிடவில்லை. ஆசாரம் சரியான நேரத்தில் நடக்க வேண்டும் என்பதே அவருடைய கவலை.

சுதந்திரத்துக்குப் பிறகு இயற்பியலாளர் மேக்நாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவும் இதே பாதையைத்தான் பரிந்துரைத்தது. இன்றைய கைபேசிச் செயலிகளில் பெரும்பாலானவை திருக்கணிதம்தான்.

எங்கே பிரிகின்றன

அப்பாவின் திதிக் குழப்பத்துக்கான விடை எனக்குக் கிடைத்தது இங்கேதான். நிலாவின் வேகம் பல காரணங்களால் கூடிக் குறைகிறது. வாக்கியம் அதில் பெரிய ஏற்ற இறக்கம் ஒன்றை மட்டுமே கணக்கில் கொள்கிறது. சூரியனின் ஈர்ப்பால் வரும் கூடுதல் ஆட்டங்கள் அதில் இல்லை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அந்த ஆட்டங்கள் பெரும்பாலும் முதல் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே கரைந்துவிடும். அஷ்டமி பக்கம் வந்தால் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் பௌர்ணமியில் இரண்டு பஞ்சாங்கமும் கிட்டத்தட்ட ஒத்துப்போக, சப்தமி அஷ்டமியில் நாலைந்து மணி நேரம் வரைக்கும் விலகலாம். முன்னோர் நிலாவைச் சரிபார்த்தது கிரகணத்தை வைத்து. கிரகணம் வருவதோ அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டும். பார்த்த இடத்தில் கணக்கு சரியாக இருந்தது, பார்க்காத இடத்தில் பிசகு தங்கிவிட்டது. இதில் யாருடைய குற்றமும் இல்லை.

குற்றம் பிறகு வந்தது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. வாக்கியக் கணக்கில் ஒரு திதி அதிகபட்சம் 65 நாழிகை, குறைந்தபட்சம் 54 நாழிகை. அறுபதுக்கு மேல் ஐந்து கூடலாம், ஆறு குறையலாம் என்பதைப் 'பாணவிருத்தி ரசக்ஷயம்' என்பார்கள். திருக்கணிதத்தில் ஏழு கூடும், பத்து குறையும். "சாஸ்திர எல்லையைத் தாண்டுகிறது, ஆகவே திருக்கணிதம் தவறு" என்று இன்றும் வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எல்லை எங்கிருந்து வந்தது? ஓர் ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்ட பழைய கணக்கிலிருந்து. கணக்கின் விளைவைச் சட்டமாக்கி, அந்தச் சட்டத்தால் நிலாவை நிராகரிக்கிறார்கள். நான் பிடிவாதம் என்று சொல்வது இதைத்தான். கடவுள் நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சனி விஷயத்தில் இடைவெளி இன்னும் பெரிது. சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. திருநள்ளாறில் விழா நடந்தது பின்னதில். ஆண்டுக்குச் சில விகலைப் (கலையில் அறுபதில் ஒரு பங்கு) பிசகு ஆயிரத்தைந்நூறு ஆண்டில் பல பாகையாகிவிடும். அந்த டிசம்பர் மாலை மொட்டை மாடியில் பைனாகுலரோடு நின்றேன். மகரத்தின் வால் நுனியில், கும்பம் தொடங்கும் எல்லையை ஒட்டி, தெனெப் அல்கெடி என்ற விண்மீன் இருக்கிறது. வாக்கியக் கணக்குச் சரியென்றால் சனி அதன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ எட்டு பாகை கிழக்கே. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் பத்து பாகை. கிட்டத்தட்ட ஒரு முஷ்டி தூரம் பிசகு.

மரபுக்குள்ளேயே மருந்தும் இருந்தது. கேரளத்தில் கணிதர் மாதவர் சந்திர வாக்கியங்களை விகலை அளவுக்குக் கூர்மையாக்கினார். வடசேரி பரமேச்வரர் பல ஆண்டுகள் கிரகணங்களைக் கவனித்து, பழைய கணக்கு ஒத்துவரவில்லை என்று 1431இல் 'த்ருக்கணிதம்' எழுதினார். திருத்துவதுதான் பரம்பரை என்று அவர்கள் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். திருநள்ளாறுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்று போகின்றன, நாசாவே வியந்தது என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி பொய். தாழ்ந்த சுற்றுப்பாதையில் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடும் பொருள் நின்றால் விழுந்துவிடும். பக்திக்கு இந்தப் பொய் தேவையே இல்லை. அதேபோல், திருக்கணிதம் சனியின் இடத்தைச் சரியாகச் சொல்வதால் ஏழரைச் சனியின் பலன்கள் நிரூபணமாகிவிடாது. கிரகம் எங்கே என்பதோடு அதன் அதிகாரம் முடிகிறது.

பிடிவாதம் மத ஆட்களுக்கே உரியது என்றும் நான் நினைக்கவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகர் 1930இல் கப்பலில் இங்கிலாந்து போகும்போது ஒரு கணக்குப் போட்டார்: எரிந்து முடிந்த விண்மீன் ஓர் எடைக்கு மேல் இருந்தால் தன் எடையைத் தாங்காமல் உள்ளே சுருங்கிக்கொண்டே போகும். அதை 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் எல்லார் முன்னிலையிலும் தூக்கிப் போட்டார். விண்மீன் அப்படி நடந்துகொள்ளாது என்பது எடிங்டனின் நம்பிக்கை, கணக்கில் பிழை காட்டவில்லை. 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது. அறிவியலிலும் பிடிவாதம் நுழையும். திரும்பப் பார்க்கும் வழி அங்கே திறந்திருப்பதால், தாமதமானாலும் அது வெளியேறுகிறது.

இரண்டு பஞ்சாங்கத்தையும் வீசிவிடு என்பது மூன்றாவது தேர்வு. என் நண்பர்கள் பலர் அந்தப் பக்கம். ராகுகாலம் பார்க்காமல் நானும் நன்றாகத்தான் வாழ்கிறேன். ஆனால் திதி என்பது ஒருவரை நினைப்பதற்காகக் குடும்பம் ஒத்துக்கொண்ட நாள். அதில் எந்தக் கணக்கைப் பிடித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. கோயில் தன் உற்சவத்துக்கு வாக்கியத்தை வைத்துக்கொள்வதையும் அப்படித்தான் பார்க்கிறேன். அப்பா தம் அப்பாவுக்கு வாக்கியப்படி செய்தார், நாங்கள் அவருக்குச் சப்தமியிலேயே செய்கிறோம். அண்ணாவும் வந்துவிடுகிறான். வானத்தில் எது எங்கே என்று கேட்டால் மட்டும் என் பதில் திருக்கணிதம்தான், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம். 9.57க்குத் தொடங்கியது. தர்ப்பணத்துக்காக வந்திருந்த சாஸ்திரிகளை மாடிக்கு அழைத்துப்போனேன். கிரகண நேரத்தில் இரண்டு பஞ்சாங்கத்துக்கும் தகராறு இல்லை, வாக்கியக்காரர்கள் பலரும் அதற்கு மட்டும் திருக்கணிதத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஊருக்கே தெரிகிற விஷயம் அது. மேகம் விலகியபோதெல்லாம் செம்பு நிறத்தில் நிலா, அதற்குக் கிழக்கே ஒன்றரை முஷ்டி தள்ளிச் சனி. அவர் பஞ்சாங்கப்படி அன்று சனி இன்னும் கும்பத்தில், என் கணக்கில் மீனத்தில். பைனாகுலரைக் கொடுத்து, விண்மீன்களைக் காட்டி விளக்கினேன். நெடுநேரம் பார்த்தார்.

"கிரகணத்துக்கு மாத்திண்டாச்சு" என்றார். "சனிக்கு மாத்தறதுக்கு நான் யார்கிட்டப் போய்க் கேக்கணும்?"