டிலே பெடல் டோன்: அவுட்புட்ல கெப்பாசிட்டரா, ஃபீட்பேக்ல பொட்டென்ஷியோமீட்டரா?

பிடி2399ங்கிற டிலே சிப் போட்டு வீட்லயே டிலே பெடல் (வாசிக்கிறதை கொஞ்சம் தள்ளி எக்கோ மாதிரி திருப்பி விடுற பெட்டி) கட்டினவங்களுக்கு சீக்கிரமே ஒரு அரிப்பு வரும், ரிப்பீட்லாம் ஒரிஜினல் மாதிரியே பளிச்னு வந்து வாசிக்கிறதோட மோதுதே, இதை பழைய டேப் எக்கோ மாதிரி மங்கலாக்க முடியாதான்னு. வழி ரெண்டு இருக்கு.

ஒண்ணு, ஃபீட்பேக் (ரிப்பீட்டை மறுபடி சிப்புக்கே திருப்பி அனுப்புற லைன்) பிரியுற இடத்துக்கு அப்புறம் வெட் அவுட்புட்ல, அதாவது ரிப்பீட் மட்டும் வெளிய வர்ற வழியில, ஒரு 10கே ரெசிஸ்டர், அதுலேர்ந்து கிரவுண்டுக்கு ஒரு கெப்பாசிட்டர். 103 (கெப்பாசிட்டர் மேல இருக்கிற குறியீடு, 10 நானோஃபாரட்) போட்டா சுமார் 1.6 கிலோஹெர்ட்ஸ்க்கு மேல குறைய ஆரம்பிக்கும், 472ன்னா (4.7 நானோஃபாரட்) 3.4. ரிச்சி தெருவுல இந்த நம்பரையே சொல்லி பாலியஸ்டர் கேளுங்க, சில்லறைக் காசு. இதுல பெரிய லாபம் இரைச்சல் குறையுறதுதான், ஏன்னா சிப்போட ஆறாவது பின்னுல ரெசிஸ்டர் ஏற ஏற டிலே நீளும், கிளாக் மெதுவாகும், 340 மில்லிசெகண்ட் பக்கம் போனாலே கரகரப்பு தெரியும், அதையும் சேர்த்து இந்த கெப்பாசிட்டர் அமுக்கிடும். ஆனா முதல் ரிப்பீட்டும் கடைசி ரிப்பீட்டும் ஒரே அளவுக்கு மந்தமா இருக்கும், கம்பளி போத்தின மாதிரி.

ரெண்டாவது, அதே 10கே, கெப்பாசிட்டரை ஃபீட்பேக் லைன்ல போட்டு, கெப்பாசிட்டருக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு 50கே பாட் (பொட்டென்ஷியோமீட்டர், திருகி மாத்துற ரெசிஸ்டர்). என் ஓட்டு இதுக்குதான். முதல் ரிப்பீட் தெளிவா வரும், ரெண்டாவது ஒரு தடவை ஃபில்டர் ஆகி வரும், மூணாவது ரெண்டு தடவை, அப்படியே தள்ளித் தள்ளிப் போற ஃபீல் கிடைக்கும், பாட்டை முழுசா ஏத்திட்டா ஃபில்டர் கிட்டத்தட்ட இல்லாத மாதிரிதான், இறக்கி வச்சா ஃபீட்பேக்கை ஏத்தி ஊளையிட விட்டாலும் காதைக் கிழிக்காது. அங்கேயே சீரிஸ்ல இருக்கிற 104ஐ 473 ஆக்கினா பேஸ் மேல மேல சேர்ந்து குழம்புறதும் குறையும், பேண்ட்ல பேஸ் கிட்டார், கீபோர்டு எல்லாம் இருந்தா இது கண்டிப்பா வேணும்.

ஆனா ஸ்லாப்பேக் (சட்டுனு வர்ற ஒரே ஒரு ரிப்பீட்) மட்டும் வாசிக்கிற ஆளுன்னா இந்த வழி சுத்தமா வேஸ்ட், ஒரே ரிப்பீட் வந்தா அது ஃபீட்பேக் வழியா போகவே போகாதே, அப்போ முதல் வழிதான். நீள டிலேக்காரங்க ரெண்டையும் போடலாம், வெட் பக்கம் லேசா 472, மீதியை பாட் பாத்துக்கும்.

பெடல்ல இருக்கிற 4558 ஆப்-ஆம்ப் ஐசியை எடுத்துட்டு டிஎல்072 போட்டா டோன் மாறும்னு சொல்றவங்க இருக்காங்க, டிலே ரிப்பீட்ல எனக்கு ஒண்ணும் கேக்கல. எம்என்3005 மாதிரி அனலாக் சிப்புக்கு மாறலாமேன்னா, அதுக்கு தனி கிளாக், பயாஸ் ட்ரிம், கம்பேண்டர்னு போயிட்டே இருக்கும், அது இருக்கிற பெடல்ல பண்ற சின்ன மாத்தம் இல்ல சார், புது பெடல்.

எதைப் பண்ணினாலும் உடனே சால்டர் வைக்காதீங்க, ஐசி சாக்கெட்டை வெட்டி ரெண்டு பின் துண்டா வச்சுட்டு 472, 103, 223ன்னு ஒவ்வொண்ணா சொருகிப் பாருங்க, அதுவும் ரூம்ல சன்னமா வச்சு இல்ல, ஜாம் ரூம்ல டிரம்ஸ் ஓடுற வால்யூம்ல, ஏன்னா வீட்ல அளவா கேட்ட 223 அங்க ரிப்பீட்டே இல்லாத மாதிரி காணாம போயிடும்.