டிங்வால் கம்பஸ்சன் 5: சாய்ந்த ஃபிரெட் பேஸ் வாங்கலாமா?

ஃபிரெட் எல்லாம், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள், விசிறி மாதிரி விரிந்திருப்பதைப் பார்த்ததும் இதில் கை எப்படிப் போகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். போகும். கனடா நிறுவனமான டிங்வாலின் இந்த ஐந்து கம்பி பேஸ் கிடாரில் ஏழாவது ஃபிரெட் ஏறக்குறைய நேராக இருக்கும், அதற்கு மேலே ஒரு பக்கச் சாய்வு, கீழே எதிர்ப்பக்கச் சாய்வு, விரல்கள் தானாக விரியும் திசையும் அதுதான் என்பதால் சீக்கிரம் பழகிவிடுகிறது. முதல் ஃபிரெட்டில் மட்டும் மணிக்கட்டு கொஞ்சம் முணுமுணுக்கும், சின்னக் கை என்றால் இன்னும் அதிகம்.

காசு கொடுப்பது அந்த லோ பி, அதாவது இருப்பதிலேயே தாழ்ந்த சுருதிக் கம்பிக்காகத்தான். உச்ச சுருதிக் கம்பியான ஜி அதிரும் நீளம் 34 அங்குலம், பி 37. நீளம் கூடினால் அதே தடிமன் கம்பியை அதே சுருதியில் நிறுத்த இழுவிசையும் கூட வேண்டும். அதனால் 34 அங்குல பேஸில் தொளதொளவென்று ஆடும் பி, இங்கே வேகமாக வாசித்தாலும் ஒவ்வொரு சுரமாகப் பிரிந்து கேட்கிறது. மெட்டல் இசை ஆட்கள் இதன் பின்னால் அலைவது சும்மா இல்லை.

தலைவலி கம்பி மாற்றும்போது. 34 அங்குல பேஸுக்கான வழக்கமான லாங் ஸ்கேல் கம்பி செட்டில் பி நீளம் பத்தாமல் போகலாம், பார்த்து வாங்குங்கள். அப்புறம், இவ்வளவு நீட்டல் வேண்டாம் என்றால் ஐபனீஸ் எஸ்ஆர்எம்எஸ்805 என்ற சாய்ந்த ஃபிரெட் பேஸ் இருக்கிறது, 34-லிருந்து 35.5 அங்குலம் வரைதான், கைக்குச் சுலபம், பி-யின் இறுக்கமும் அந்த அளவுக்குத்தான்.